தேநீரின் நிறமும் குணமும்

இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. ஆயினும் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லா இல்லங்களிலும் நாள்தோறும் இடம்பெறுவது. அதுவே தேநீர்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டார மக்களுக்குப் பொருளைச் சோதித்து மதிப்பிடும் கலையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலா மூட்டை வந்திறங்கினால், ஒரு கைப்பிடிக் காயை உரித்து, பருப்பின் பருமனைப் பார்த்து, பல்லில் கடித்து ஈரத்தை அறிந்த பின்னரே விலை பேசுவர். அதே மக்கள் மளிகைக் கடையில் தேயிலைத் தூள் வாங்கும்போது ஒன்றை மட்டுமே கேட்கின்றனர்: "நல்ல நிறம் கொடுக்குமா?"

நிறத்தைக் கொண்டு குணத்தை முடிவு செய்யலாமா? கானாவூர்க் கலியாணத்தில் பந்தி மேற்பார்வையாளன் இரசத்தைச் சுவைத்துப் பார்த்த பின்னரே அதன் மேன்மையை எடுத்துரைத்தான் அன்றோ!

நம்மைப் போலவே ஓர் இலையின் நீரைத் தம் வாழ்வோடு பிணைத்துக்கொண்ட மக்கள் தென் அமெரிக்காவில் உளர். அர்ஜெண்டினா, பராகுவே, உருகுவே, தென் பிரேசில் ஆகிய பகுதிகளில் பருகப்படும் அப்பானத்தின் பெயர் மாத்தே; அதன் இலை யெர்பா மாத்தே. 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் பிறந்த மண்ணின் பானம் அது. புனித இராயப்பர் சதுக்கத்தில் திருப்பயணிகள் நீட்டிய மாத்தேயை அவர் வாங்கி உறிஞ்சிப் பருகியதை உலகம் கண்டது.

அவ்விலைக்கும் நம் திருச்சபைக்கும் பழந்தொடர்பு உண்டு. முற்காலத்தில் குவாரனி இனத்தார் தொலைதூரக் காடுகளுக்கு அனுப்பப்பட்டு, அவ்விலையைப் பறித்துச் சுமந்து, அவ்வுழைப்பிலேயே பலர் மாண்டனர். 1609 முதல் அம்மக்களுக்கெனக் குடியிருப்புகளை அமைத்த இயேசு சபைக் குருக்கள் அக்கொடுமையைக் கண்டித்தனர். பின்னர் அச்செடியைக் குடியிருப்புகளின் அருகிலேயே பயிராக்கவும் வழி கண்டனர். 1767இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ் இயேசு சபையினரைத் தம் நாடுகளிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார். அதன்பின் அத்தோட்டங்களும் சீரழிந்தன.

மாத்தேயை அம்மக்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர்? இலையும் தூளும் காம்பும் எந்த அளவில் கலந்துள்ளன என்று முதலில் பார்ப்பர். இலையை உலர்த்திய நெருப்பின் புகை மணம் மிகுந்துள்ளதா என்று முகர்வர். சுரைக்குடுக்கையில் இலையை இட்டு, கொதிக்காத வெந்நீரை மீண்டும் மீண்டும் ஊற்றி, எத்தனை முறை சுவை நீடிக்கிறது என்று காண்பர். யாவற்றிலும் மேலாக ஒரு வழக்கம் உண்டு. முதல் குடுக்கை மிகவும் கசக்கும். அதை விருந்தினருக்குக் கொடுக்கமாட்டார்கள். ஊற்றிக் கொடுப்பவரே பருகுவார். சுவை சீரான பின்னரே குடுக்கை மற்றவர் கைக்குச் செல்லும்.

இனி நம் தேநீருக்கு வருவோம். குன்னூர் போன்ற ஏல மையங்களில் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட வல்லுநர் உளர். சோதனைக்காகத் தேநீர் தயாரிக்கும் முறைக்கு 1980இல் ஓர் உலகத் தர அளவும் வகுக்கப்பட்டது. அதன்படி 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறும் நேரம் 6 நிமிடம்.

இதை நம் இல்லத்திலும் செய்து பார்க்கலாம். இரண்டு கடைகளில் வாங்கிய தூளை இரண்டு கிண்ணங்களில் ஒரே அளவு இட்டு, கொதிநீரை ஊற்றி மூடி வையுங்கள். ஆறு நிமிடங்களுக்குப் பின் வடிகட்டுங்கள். முதலில் ஈரச் சக்கையை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை நாற்றமோ கருகிய நாற்றமோ கூடாது. பின்னர் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், சூடு தணிந்ததும் ஒரு வாய் பருகுங்கள். பாலும் சர்க்கரையும் குறைகளை மறைத்துவிடும். நல்ல தேநீர் நாவில் துவர்த்துப் பின் தெளியும். மட்டமானது கசந்து நிற்கும் அல்லது சுவையின்றிச் சப்பென்றிருக்கும். தூள் நுண்ணியதாக இருந்தால் நிறம் விரைவில் இறங்கும். அது துகளின் அளவைக் காட்டுமேயன்றி உயர்வைக் காட்டாது.

நிறத்தை விரும்பும் நம் மயக்கமே கலப்படக்காரனுக்கு முதலீடு. பயன்படுத்திய சக்கையை உலர்த்திச் சாயமேற்றி விற்கும் கயமையும் உண்டு. இதை அறிவது எளிது. வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி நீர் தெளியுங்கள். பின் தூளை அகற்றித் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் ஏற்றியிருந்தால் தாளில் கறை தென்படும். ஒரு காந்தத்தைத் தூளின் மேல் நகர்த்தினால் இரும்புத்தூள் கலந்திருப்பதும் வெளிப்படும்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். 2016இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 65 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பருகும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. மாத்தேயும் காப்பியும் தம்மளவில் அப்பட்டியலில் இல்லை. மிகுந்த சூடே குற்றவாளி. விழுப்புரம் சந்திப்பில் வண்டி புறப்படும் அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க விழுங்குவோர் இதைக் கருத வேண்டும். ஆற்றிக் குடிக்கும் நம் முன்னோர் வழக்கமே நல்வழக்கம்.

இறுதியாக, குடும்பத் தலைவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் இல்லத்தில் தாய் எந்தத் தேநீரைப் பருகுகிறாள்? எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்த பின், எஞ்சிய சக்கையில் மீண்டும் நீர் ஊற்றிக் கொதிக்கவைத்த கசப்பையே பல இல்லங்களில் அவள் பருகுகிறாள். களையெடுப்புக்குச் செல்லும் அவசரத்தில் அதுவே அவளுக்குக் காலை உணவாகவும் அமைந்துவிடுகிறது. தேநீர் பசியை மறக்கச் செய்யும், உடலை ஊட்டாது. அதன் துவர்ப்புப் பொருள், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகையால் வாடுவதை 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும்.

மாத்தே பருகும் மக்களிடையே, ஊற்றிக் கொடுப்பவர் முதற்கசப்பை ஏற்றாலும் தம் முறை வரும்போது மற்றவரோடு நல்ல சுவையையும் பெறுகிறார். நம் தாய்மாரோ கசப்பை மட்டுமே தமக்கென வைத்துக்கொள்கின்றனர். அவர்கள் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். நாம்தான் கண்டறிய வேண்டும். நாளைக் காலையில் தேநீர் வடித்தவுடன் முதல் குவளையைத் தாய்க்குக் கொடுங்கள். அவள் சுவைத்து, நன்று என்று சொன்ன பின் நீங்கள் பருகுங்கள். அவளுக்கு முன் கூழோ இட்டிலியோ இருந்ததா என்பதையும் கேட்டறியுங்கள்.