19க்கும் 50க்கும் நடுவே யாரும் இல்லையா?

எங்கள் மாவட்டச் சதுரங்கக் கழகம் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. அது குழந்தைகளுக்கு நிறையச் செய்கிறது என்பதல்ல புகார். குழந்தைகளைத் தவிர வேறு யாராவது செஸ் ஆடுவார்கள் என்ற நினைப்பே அதற்கு இல்லாமல் போய்விட்டது. மற்ற மாவட்டங்களில் ஆடுகிற நண்பர்களிடம் கேட்டால் "எங்க ஊர்லயும் அதே கதைதான்" என்கிறார்கள். ஆகவே இதை ஒரு ஊரின் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் வயதுப்பிரிவுப் போட்டிகள் 7, 9, 11, 13, 15, 17, 19 என்று படிப்படியாக ஏறும். உலக அளவில் மூத்தோர் பிரிவு 50 வயதில் ஆரம்பிக்கிறது, அடுத்தது 65. எனக்கு 36. கடைசிப் பிரிவை விட்டு இறங்கி 17 வருடம் ஆகிறது. அடுத்த பிரிவில் ஏற இன்னும் 14 வருடம் காத்திருக்க வேண்டும்.

"அதான் ஓபன் இருக்கே சார்?" என்பார்கள். இருக்கிறது, நோட்டீசில். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் அந்த ஓபனுக்குள் போய்ப் பாருங்கள். ஒன்பது மணிக்கு என்று போட்டிருப்பார்கள், முதல் ரவுண்ட் பதினொன்றுக்கு. ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார வேண்டும். எதிரில் உட்காருகிறவனுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. கேட்டுக்கு வெளியே அவன் அப்பா நின்றுகொண்டு "அங்கிள், கொஞ்சம் பாத்து ஆடுங்க, காலைல இருந்து புள்ள சாப்பிடல" என்பார். ஏழு ரவுண்ட் முடிந்து பரிசளிப்பு. ஒவ்வொரு வயதுப்பிரிவிலும் பத்துப் பேருக்குக் கோப்பை. கடைசியாக, மேடையில் பாதிப் பேர் கிளம்பிய பிறகு, 'சிறந்த மூத்த வீரர்' என்று ஒரே ஒரு கோப்பை. அதற்கும் நான் இன்னும் மூப்படையவில்லை.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்தோம். நல்ல பெயர், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் தம்பி என்று ஒருவன் இருந்தால் அண்ணன் என்று ஒருவன் இருக்க வேண்டும், அக்காவும் இருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுகிற வேலை யாருடையது என்பதுதான் என் கேள்வி.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்: "சின்னப் பசங்ககிட்ட தோத்துடுவோம்னு பயம். ஈகோ." தமிழ்நாட்டில் செஸ் ஆடுகிற யாருக்கும் அந்த ஈகோ ரொம்ப நாள் தாங்காது. எட்டு வயதுப் பையன் நம் ராணியைத் தூக்கிவிட்டு எழுந்துபோய் ஃபிரூட்டி குடிப்பதை எல்லோரும் பார்த்தாயிற்று. பிரச்சினை வேறு இடத்தில், ரேட்டிங் கணக்கில் இருக்கிறது.

ஃபிடே விதிப்படி ஒரு ஆட்டத்தில் எத்தனை புள்ளி ஏறும், இறங்கும் என்பதை 'கே' என்ற எண் தீர்மானிக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டு, 2300ஐத் தொடாதவர்களுக்கு அது 40. ரேட்டிங் பழகிப்போன என்னைப் போன்ற சாதாரண ஆட்டக்காரருக்கு 20. என் ரேட்டிங் 1700, எதிரே இருக்கும் பையனுடையது 1500 என்று வைத்துக்கொள்வோம். இந்த 200 புள்ளி வித்தியாசத்தில் நான் எடுக்க வேண்டியது ஆட்டத்துக்கு 0.76 என்கிறது அட்டவணை. நான் தோற்றால் 15.2 புள்ளி போகும். அவனுக்கு 30.4 கிடைக்கும். எனக்குப் போனதைத் திரும்ப எடுக்க, என் அளவுள்ள ஆளை ஜெயித்தால் ஒரு ஆட்டத்துக்கு 10 புள்ளி. ஒரு தோல்விக்கு ஒன்றரை வெற்றி.

அந்தப் பையனின் 1500 என்பது பழைய எண் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். தினமும் இரண்டு மணி நேரம் கோச்சிங் போகிறவன், அவன் ரேட்டிங்கைவிட வேகமாக வளர்கிறான். இன்றைக்கு அவன் 1800 பலத்தில் ஆடுகிறான், காகிதத்தில் 1500 என்று இருக்கிறது. அவனுக்கு அது ஏணியில் ஒரு படி. எனக்கு ஓட்டைப் பாத்திரம். 'பிலோ 1600' மாதிரியான போட்டிகளிலும் இதேதான் நடக்கிறது. சுமாராக ஆடும் பெரியவர்களுக்கும் இடம் தரக்கூடிய போட்டி அது. வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளால் நிரம்பிவிடுகிறது.

இது என் புலம்பல் மட்டுமில்லை. கீழ்மட்ட ரேட்டிங்குகள் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்து ஃபிடேவே 2024 மார்ச் 1 அன்று கணக்கைத் திருத்தியது. குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000த்திலிருந்து 1400க்கு உயர்த்தினார்கள். 2000த்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000த்துக்கும் அவர்கள் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் 40 சதவீதத்தை ஒரே தடவை ஏற்றிக் கொடுத்தார்கள். 1500 என்றிருந்தவர் மறுநாள் 1700. உலக அமைப்புக்கே தெரிந்த விஷயம், நம் மாவட்டச் செயலாளருக்கு மட்டும் 'ஈகோ' என்று தெரிகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கழகத்தில் வேலை செய்கிற பலர் சம்பளம் வாங்குவதில்லை. ஹால் வாடகை, ஆர்பிட்டர் கட்டணம், சான்றிதழ் அச்சடிப்பு, கோப்பை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். குழந்தைகளின் பெற்றோர் கட்டணத்தைக் கேள்வி கேட்காமல் கட்டுகிறார்கள். பெரியவர்களோ கடைசி நாளில் போன் செய்து "ஸ்பாட் என்ட்ரி உண்டா?" என்போம், வராமலும் போவோம். தோற்றால் க்ளாக்கைக் குத்துகிற ஆட்கள் எங்களிலும் உண்டு. குழந்தைகள் இருக்கிற ஹாலில் யாரை விடுகிறோம் என்று கழகம் கவலைப்படுவதும் சரிதான். அந்தக் கவலைக்காக விதிகள் போடுங்கள், கட்டுப்படுகிறோம்.

ஆனால் காசு எங்கே வருகிறதோ அங்கே மட்டும் போட்டி நடத்துவது கோச்சிங் சென்டரின் நியாயம். கழகத்துக்கு அது பொருந்தாது. நான் பார்த்த வரையில் பல இடங்களில் கழகத்தை நடத்துகிறவரே ஒரு அகாடமியும் நடத்துகிறார். போட்டி என்பது அகாடமியின் மாதத் தேர்வாகிவிடுகிறது. தேர்வு எழுத மாணவர்கள் வந்தால் போதும், ஆட வருகிறவர் எதற்கு?

இதனால் பாதிக்கப்படுவது என்னைப் போன்றவர்கள் மட்டும் என்றால் இத்தனை தூரம் எழுத மாட்டேன். நாங்கள் கேரம் போர்டு பக்கம் போய்விடலாம். நஷ்டம் அந்தக் குழந்தைகளுக்குத்தான்.

ஒன்பதாவது வரைக்கும் ஆடுகிற பிள்ளை பத்தாவது வந்ததும் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கிற உங்களில் சிலரே அந்தப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். போர்டு பரணுக்குப் போகும். "ப்ளஸ் டூ முடியட்டும்டா, அப்புறம் ஆடிக்கலாம்." ப்ளஸ் டூ முடிகிறது, கல்லூரி முடிகிறது, ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை கிடைக்கிறது. 25 வயதில் ஒருநாள் கை அரிக்கிறது. எங்கே போவது? அந்த 'அப்புறம்' எந்த ஹாலில், எந்தக் கிழமையில் நடக்கிறது? ஒரு இடமும் கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் மூன்று நிமிட ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். எதிரில் இருப்பவன் பிரேசில்காரனா பக்கத்துத் தெருக்காரனா என்றுகூடத் தெரியாது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனைத் தோற்கடித்துக் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு 18 வயது. அன்றைக்கு நானும் அலுவலகத்தில் கத்தினேன். மறுவாரமே கோச்சிங் விளம்பரங்களில் எல்லாம் அவர் படம். ஒரு குகேஷுக்கு வழி இருக்கிறது, அவர் திறமை அதைப் போட்டுக்கொள்ளும். குகேஷ் ஆகப்போகாத மற்ற எல்லோருக்கும் என்ன வழி? மாவட்டக் கழகம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்காகத்தான். உலக சாம்பியன் ஆகாவிட்டால் இந்த ஆட்டத்தில் உனக்கு 19 வயதோடு வேலை முடிந்தது என்பதைத்தான் நம் போட்டி அட்டவணை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பெரியவர் யாரும் சந்தோஷமாக உட்கார்ந்து ஆடுவதைப் பார்க்காமல் வளர்கிற பிள்ளைக்கு, செஸ் என்பது டியூஷன் மாதிரி ஒருநாள் நிறுத்த வேண்டிய ஒன்றாகத்தான் தெரியும்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 2023 டிசம்பரில் வைஷாலி 2500 புள்ளியைத் தொட்டு, கிராண்ட்மாஸ்டர் தகுதி எட்டிய மூன்றாவது இந்தியப் பெண்ணானபோது கொண்டாடினோம். நம் ஊர்ப் போட்டியில் 9 வயதுப் பிரிவில் பெண் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 30 வயதுப் பெண் எங்கே இருக்கிறார்? வராண்டாவில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் டிபன் பாக்ஸோடு. அந்த அம்மாக்களில் சிலர் பிள்ளையோடு உட்கார்ந்து உட்கார்ந்தே நன்றாக ஆடப் பழகிவிட்டவர்கள். அவர்களிடம் "நீங்களும் ஒரு பேர் குடுங்களேன்" என்று ஒரு தடவைகூடக் கழகம் கேட்டதில்லை.

சென்னை செஸ் நகரமானது இப்படியா? 1972இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் மானுவல் ஆரோன், 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர். அங்கே ஆடிய சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார் என்பது அங்கே பிளிட்ஸ் ஆட்டத்தின் வழக்கம். அந்த வரிசையில் தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடித்தான் அந்தச் சிறுவன் வேகம் பழகினார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் ஆனார். பெரியவர்கள் அங்கே யாருக்கும் பாடம் நடத்தப் போகவில்லை. தங்களுக்கு ஆட வேண்டும் என்று போனார்கள். அவர்கள் ஆடியதால் பையன்களுக்கு எதிராளி கிடைத்தார்கள்.

வெளியே பார்த்தால், ஜெர்மனியில் செஸ்ஸின் முதுகெலும்பு கிளப்களுக்கு இடையிலான லீக். மேலே எட்டுப் போர்டு புண்டஸ்லீகா, அதற்குக் கீழே மாநிலம், வட்டாரம் என்று இறங்கிக்கொண்டே போய் சின்ன ஊர் அணிகள் வரை. சீசனில் சில வாரங்களுக்கு ஒரு ஞாயிறு, ஒரே ஒரு நீண்ட ஆட்டம். பென்ஷன் வாங்கும் தாத்தாவும் பள்ளிக்கூடப் பையனும் ஒரே அணிக்கு ஆடுவார்கள். பையன் ஜெயித்தால் தாத்தாவுக்கும் சந்தோஷம். நம் ஊரில் பையன் ஜெயித்தால் அவன் அப்பாவுக்கு மட்டும்தான் சந்தோஷம், ஏனென்றால் மற்ற எல்லோரும் அவனுக்கு எதிராளிகள். கிரிக்கெட்டில், கபடியில் நமக்கு ஊர் அணி தெரியும். செஸ்ஸில் மட்டும் அது ஏன் கூடாது?

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதனால் கேட்க வேண்டியதைத் தெளிவாகவே கேட்கிறேன்.

முதலாவது, தாலுகா அணிகளை வைத்து மாவட்ட லீக். அணிக்கு ஆறு போர்டு. அதில் இரண்டு 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, இரண்டு 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஆறு பேரில் இரண்டு பேராவது பெண்கள். ரேட்டிங் வேண்டாம். பரிசுப் பணமும் வேண்டாம், ஒரு சுழற்கோப்பை போதும்.

இரண்டாவது, வாரம் ஒரு மாலை, மாவட்ட மைய நூலகத்தில் ஒரு அறை. ஏழு மணிக்கு மேல். வேலைக்குப் போகிறவன் வர முடிகிற நேரம் அதுதான். போர்டு நாங்கள் கொண்டுவருகிறோம்.

மூன்றாவது, கழகம் நடத்தும் நான்கு போட்டிகளில் ஒன்று பெரியவர்களுக்கானது. பிள்ளைகள் உள்ளே ஆடும் நாளில், வராண்டாவில் காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு போட்டி. அதற்குச் செலவு பத்து போர்டு, ஒரு பேரிங் தாள்.

நான்காவது, செயற்குழுவில் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு பெரியவர்கள். அகாடமி நடத்தாதவர்களாக இருந்தால் நல்லது.

இதில் எதுவும் ஒரு குழந்தையின் கோப்பையைப் பிடுங்கவில்லை. பிள்ளைகளுக்கான போட்டி அப்படியே இருக்கட்டும், இன்னும் கூடட்டும். அந்தப் பிள்ளை பரணில் போர்டை வைக்கும்போது, இறக்குவதற்கு ஒரு காரணத்தையும் விட்டுவையுங்கள் என்பதுதான் கோரிக்கை.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதிக்கொடுக்கப் போகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். உங்கள் ஊரில் பழைய ஆட்டக்காரர் யாராவது இருந்தால் அவரையும் இதே மாதிரி ஒரு தாளோடு அனுப்புங்கள். நிராகரித்தால் நிராகரிக்கட்டும். 19க்கும் 50க்கும் நடுவே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் முதல் தடவையாகப் பதிவாகும்.