கேபிள் கட்டணமும் வீட்டு மஷூராவும்

 

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் மக்தபுக்கு வந்த பிள்ளைகளில் ஒருவன் வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான். முழங்காலிலும் சிராய்ப்பு. "என்ன தம்பி, எங்கே விழுந்தாய்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். பாடம் முடிந்து மற்றப் பிள்ளைகள் கலைந்த பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

மூன்று மாதப் பாக்கிக்காக அவர்கள் வீட்டுக் கேபிள் துண்டிக்கப்பட்டுவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் தாதிமா, மாலை முழுதும் இருண்ட பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைக் காணப் பொறாமல் பையன் அடுத்த வீட்டு மாடியில் ஏறி, அவர்களுடைய கேபிள் ஒயரோடு தன் வீட்டு ஒயரை இணைத்திருக்கிறான். இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. அந்த மாடியின் ஓரமாக ஒரு முழத் தூரத்தில் மின்கம்பி செல்வதை நான் அறிவேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

"சரி, படம் வந்ததா?" என்றேன்.

"வரவில்லை ஹஜ்ரத்" என்றான்.

எப்படி வரும்? ஒயரை ஒட்டினாலே படம் தெரிந்த காலம் போய்விட்டது. இன்று ஒவ்வொரு செட்டாப் பாக்ஸுக்கும் தனி எண் உண்டு. கட்டணம் செலுத்திய பெட்டிக்கு மட்டுமே நிலையத்திலிருந்து அனுமதி வருகிறது. மற்றப் பெட்டிக்கு ஒயர் வழியாக வருவது பூட்டிய பேழைதான், திறவுகோல் வராது. ஆக, பிறர் ஹக்கில் கை வைத்த குற்றமும் சேர்ந்தது, கையும் காயப்பட்டது, படமும் வரவில்லை. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பாட்டியின் மீது கொண்ட பாசத்தால் செய்த பிழை அது. "அடுத்த வீட்டாரிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இரு உள்ளங்கள்

மறுநாள் மஃரிபுக்குப் பின் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு அவ்வீட்டிற்குச் சென்றேன். பாலக்கோட்டை அடுத்த சிற்றூர். குடும்பத் தலைவர் பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார். நம் தருமபுரி மாவட்டத்தில் இது புதிய செய்தியன்று. வேலை தேடி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றவர் இல்லாத தெரு அரிது. மனைவி வீட்டில் தையல் இயந்திரம் மிதிக்கிறார்.

மூதாட்டி என்னைக் கண்டதும் கண் கலங்கினார். "ஹஜ்ரத், நான் சோறு கேட்டேனா, சேலை கேட்டேனா? படுத்த படுக்கையில் எனக்கு இருந்த துணை அது ஒன்றுதான். அதையும் மருமகள் நிறுத்திவிட்டாள். நான் பாரமாகிவிட்டேன் போலும்" என்றார்.

அதே வேளையில் உள்ளறையில் மருமகள் என் மனைவியிடம் வேறொரு கதை சொல்லி அழுதிருக்கிறார். கேபிளுக்கு மாதம் 290 ரூபாய். மாமியாரின் மாத்திரை விலை ஏறிவிட்டது. பள்ளி வேன் கட்டணம் கட்ட வேண்டிய தவணையும் வந்தது. எதை நிறுத்துவது? மாத்திரையை நிறுத்த முடியாது. பிள்ளையின் படிப்பை நிறுத்த முடியாது. கேபிளைத்தான் விட முடிந்தது. "இதை மாமியிடம் சொல்லக் கூடாதா அம்மா?" என்று என் மனைவி கேட்டதற்கு, "மகன் அனுப்புகிற பணம் போதவில்லை என்று பெற்ற தாயிடம் எப்படி அக்கா சொல்வேன்? அவர் மனம் உடைந்து போகாதா?" என்றாராம்.

பார்த்தீர்களா! ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் காத்த மௌனமே இருவரையும் நோகடித்திருக்கிறது. 290 ரூபாய்க்கு வழி தேடச் சென்ற எனக்கு, அதைவிடப் பெரிய கடன் அங்கே நிலுவையில் இருப்பது தெரிந்தது.

இருவரின் சம்மதத்தோடும் அன்றிரவே தாதிமாவின் கட்டிலருகே அமர்ந்தோம். பையன் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்தான். பெங்களூரில் இருந்த குடும்பத் தலைவரையும் கைப்பேசியில் அழைத்துச் சேர்த்துக்கொண்டோம். முறையான ஒரு மஷூரா நடந்தது. அங்கே பேசியவை பல வீடுகளுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பழைய ஆன்டெனா

"பரணில் பழைய ஆன்டெனா கிடக்கிறது. அதைக் கட்டினால் தூர்தர்ஷன் இலவசமாக வருமே?" என்றார் மருமகள். நம்மில் பலருக்கும் இந்த நினைவு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் ஒருவர் மாடியில் நின்று அலுமினியக் குழாயைத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று கூவிய காலம் அது. அந்த வழி இன்று அடைபட்டுவிட்டது. தரைவழி ஒளிபரப்பு நிலையங்களைத் தூர்தர்ஷன் படிப்படியாக மூடிவந்து, முக்கியமான சில இடங்களில் உள்ளவை தவிர ஏனையவற்றை 2022ஆம் ஆண்டுவாக்கில் நிறுத்திவிட்டது. ஆன்டெனா பரணிலேயே இருக்கட்டும்.

எழுபது ரூபாய்ப் பாடம்

"முன்பு அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கிடைத்ததே!" என்றார் தாதிமா. அவர் நினைவு சரியே. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், மு. கருணாநிதி முதல்வராக இருந்த 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சில நகரங்களோடு நின்று தளர்ந்துபோன அது, 2011 செப்டம்பர் 2 அன்று ஜெயலலிதா ஆட்சிக் காலத்தில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் மீண்டும் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு. எஞ்சிய 50 ரூபாய் ஊர்க் கேபிள்காரருக்கு. அதற்கு முன் நூற்றைம்பதும் இருநூறும் கொடுத்துவந்த ஏழை வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆயினும் தொடக்கத்தில், மக்கள் விரும்பிப் பார்த்த சில கட்டணச் சேனல்கள் அதில் இல்லை. "குறைந்த விலைதான், ஆனால் நாங்கள் பார்ப்பது இல்லையே" என்று குறைபட்ட வீடுகள் உண்டு. அச்சேனல்கள் பின்னர்தான் வந்து சேர்ந்தன. விலை குறைவு என்பது மட்டும் ஒரு பொருளை மலிவாக்கிவிடாது. நமக்குத் தேவையானது அதில் இருக்கவும் வேண்டும் என்பதே அந்த எழுபது ரூபாய் கற்பித்த பாடம்.

அந்த 70 ரூபாய் இன்று இல்லை. 2017இல் அரசு கேபிளும் டிஜிட்டல் முறைக்கு மாறியது. 2019 பிப்ரவரி முதல் நாடெங்கும் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது.

நம் கையில் உள்ள உரிமை

இந்தப் புதிய முறையைப் பலர் விலையேற்றமாக மட்டுமே அறிவர். அதனுள் நமக்கு ஓர் உரிமை இருப்பதை அறிந்தவர் குறைவு. கட்டணம் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று, இணைப்புக்கான அடிப்படைத் தொகை. இதில் இலவசச் சேனல்கள் அடங்கும். மற்றொன்று, கட்டணச் சேனல்களின் விலை. கட்டணச் சேனலைத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டுப் பெறலாம். தொகுப்பில் இடம்பெறும் எந்தச் சேனலின் தனி விலையும் 19 ரூபாய்க்கு மிகலாகாது என்பது 2022 நவம்பரில் மீண்டும் உறுதி செய்யப்பட்ட விதி.

2019ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அடிப்படைத் தொகை 130 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 153 ரூபாய் 40 காசு. 19 ரூபாய்ச் சேனல் ஒன்றைச் சேர்த்தால் வரியுடன் 22 ரூபாய் 42 காசு கூடும். ஆக மொத்தம் 175 ரூபாய் 82 காசு. அடிப்படைத் தொகைக்கு இருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டதால், இப்போது இடத்துக்கு இடம் தொகை மாறலாம். அவரவர் ஊரில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

மாதக் கட்டணமில்லா வழி

மாதக் கட்டணமே வேண்டாம் என்போருக்கு டிடி ஃப்ரீ டிஷ் உண்டு. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய பிரசார் பாரதியின் சேவை இது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்கிப் பொருத்த ஒரே முறை ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகலாம், பிறகு செலவில்லை. மாதம் 290 கட்டும் வீட்டில் ஏழே மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். பயன்படாமல் கிடக்கும் பழைய டிஷ் இருந்தால் பெரும்பாலும் அதையே திருப்பிப் பொருத்திக்கொள்ளலாம். நம் மாவட்டத்தில் அது தென்கிழக்கே, வானை நோக்கி நன்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். அத்திசையில் தென்னையோ உயர்ந்த கட்டடமோ மறைக்காதா என்று முதலில் பார்த்துக்கொள்க.

ஆனால் அதில் தமிழ்ச் சேனல்கள் மிகக் குறைவு. முன்னர் பொதிகை என வழங்கி 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் கிடைக்கும். வீட்டில் உருது பேசுவோருக்கு 2006 முதல் ஒளிபரப்பாகும் டிடி உருதும், இந்திச் சேனல்கள் பலவும் கிடைக்கும். அத்தகைய வீடுகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. தமிழ்த் தொடரையே எதிர்பார்க்கும் வீட்டுக்கு இது போதாது.

கைப்பேசி மலிவானதா?

"கைப்பேசியில் எல்லாம் இலவசமாக வருகிறதே" என்றான் பையன். பிரசார் பாரதியே 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியைத் தொடங்கியுள்ளது. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சியும் 2019 ஆகஸ்ட் முதல் மாணவர்க்குப் பயன்பட்டு வருகிறது. அதன் பாடங்களைக் கைப்பேசியில் யூடியூப் வழியாகவும் காணலாம். உண்மைதான். ஆனால் ஒரு மணி நேரப் படத்துக்கு அரை ஜி.பி. முதல் ஒரு ஜி.பி. வரை டேட்டா கரைந்துவிடும். அதற்கு ரீசார்ஜ் செய்வதும் பணம்தானே? மேலும், பார்வை மங்கிய மூதாட்டியால் உள்ளங்கையளவு திரையைப் பார்க்க இயலுமா? கைப்பேசி பையன் கையில் இருக்கும். தாதிமா மீண்டும் தனித்தே இருப்பார். ஒருவருக்கு மலிவானது வீட்டுக்கே மலிவானதாகிவிடாது.

தாதிமாவின் பட்டியல்

இவ்வளவும் பேசிய பின், அதுவரை எவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டேன். "தாயே, நீங்கள் உண்மையில் எவற்றைப் பார்க்கிறீர்கள்?"

விரல்விட்டு எண்ணினார். இரவுச் செய்தி, பெங்களூரில் மழை என்றால் மகன் நனைவானே என்ற கவலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உடனிருந்து பார்க்கும் ஒரே ஒரு தொடர். அவ்வளவுதான். "மற்ற நேரமெல்லாம்?" என்றேன். "மருமகள் தையலில் இருப்பாள், பேரன் பள்ளியில் இருப்பான். வீட்டில் ஒரு குரல் கேட்கட்டுமே என்று ஓட விட்டிருப்பேன்" என்றார்.

நோட்டில் எழுதிப் பார்த்தோம். செய்திச் சேனல் இலவசப் பட்டியலிலேயே இருந்தது. தொடர் வரும் சேனல் ஒன்றுக்குத்தான் கட்டணம். இத்தனை நாள் கட்டிய 290 ரூபாயில் விளையாட்டும் தெலுங்கும் ஆங்கிலமுமாக, அவ்வீட்டில் எவரும் காணாத சேனல்களுக்கே பெரும்பகுதி சென்றிருந்தது. வீட்டில் குரல் கேட்க வேண்டிய நேரத்துக்கு ஒரு சிறிய வானொலிப் பெட்டி போதும். தருமபுரி அகில இந்திய வானொலியின் பண்பலை 102.5இல் தெளிவாகக் கேட்கும்.

கணக்கு முழுவதையும் பேரன் உரக்கப் படித்தான். மாத்திரை இவ்வளவு, வேன் இவ்வளவு, மளிகை இவ்வளவு என்று வந்தபோது தாதிமா மருமகளின் கையைப் பற்றிக்கொண்டார். "இதை முன்பே சொல்லியிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேனே, மகளே! தொடரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்றார். "இல்லை மாமி, உங்களுக்கு அது இருந்தே ஆக வேண்டும்" என்று மருமகள் அழுதார். கைப்பேசியின் மறுமுனையில் மகன் பேச இயலாமல் இருந்தார்.

பழைய பாக்கியை இரு தவணையாகத் தீர்ப்பதாகக் குடும்பத் தலைவர் ஒப்புக்கொண்டார். கேபிள்காரர் முதலில் "தனிச் சேனலெல்லாம் தருவதில்லை" என்றார். விதியை எடுத்துச் சொல்லிப் பணிவாக மீண்டும் கேட்டபோது மறுநாளே மாற்றிக் கொடுத்தார். இப்போது மாதக் கட்டணம் 180 ரூபாய்க்குள் அடங்குகிறது. மிச்சம் 110 ரூபாய்க்குக் குறையாது. அது மாத்திரைக்குச் செல்கிறது.

சகோதரிகளே! சிக்கனம் நல்லதுதான். ஆனால் வீட்டில் ஒரு செலவைக் குறைக்கும்போது, அதனால் அதிகம் இழக்கப் போகிறவர் யார் என்று பார்த்து, முதலில் அவரை அழைத்து அமர்த்துங்கள். கணக்கை மறைத்துக் குறைத்தால் அது அவருக்குத் தண்டனையாகத் தோன்றும். கணக்கைக் காட்டிக் கேட்டால் அவரே முன்வந்து விட்டுக்கொடுப்பார். பல வேளைகளில் விட்டுக்கொடுக்கத் தேவையே இராது.

இந்த மாதக் கேபிள் தொகையைக் கட்டுவதற்கு முன், ஒரு தாளில் வீட்டார் ஒவ்வொருவரும் பார்ப்பதை எழுதிப் பாருங்கள். படுக்கையில் இருப்பவரை முதலில் கேளுங்கள்.