டேப் தட்டினா வரலையா? முதல்ல எந்த ஷெல்லுன்னு பாருங்க சாமி!

கொஞ்சம் லினக்ஸ் சமாச்சாரம், நிறைய வயித்தெரிச்சல். பிடிக்காதவங்க இப்பவே ஜூட் விட்டுடலாம்.

சர்வருக்குள்ள நுழைஞ்சு, டீமக்ஸ் திறந்து, அதுக்குள்ள ரூட்டா மாறி, அதுக்குள்ள இன்னொரு ஷெல் போட்டு உட்கார்ந்திருப்போம். கமாண்டைப் பாதி அடிச்சு டேப் தட்டினா.. ஒண்ணும் வராது. உடனே பக்கத்து சீட் அண்ணாத்தே மருந்தோட வந்துடுவார். "இந்த நாலு வரியை பாஷ்ஆர்சில ஒட்டு, சரியாயிடும்." இன்னொருத்தர், "சும்மா பாஷ்னு அடி, போதும்." தலைவலிக்குத் தலகாணியை மாத்துற இந்த வைத்தியத்துக்கு எதிராத்தான் இந்தப் பதிவு.

என் கட்சி ஒண்ணே ஒண்ணு. இப்ப எந்த ஷெல்லுக்குள்ள இருக்கோம், அது எந்த ஃபைலைப் படிச்சுட்டு எழுந்துச்சுன்னு தெரியாம ஒரு வரி கூட ஒட்டக் கூடாது.

ஏன்னா அப்பன் ஷெல்லோட சொத்து முழுசா புள்ளை ஷெல்லுக்குப் போறதில்லை. எக்ஸ்போர்ட் பண்ணின வேரியபிள் போகும். 'கம்ப்ளீட்' கமாண்ட் வெச்சுப் பதியுற டேப் விதிகள் போகாது, அலியாஸும் போகாது. புள்ளை தானே படிச்சுத்தான் தேறணும். பாஷ், லாகின் ஷெல்லா எழுந்தா புரொஃபைல் ஃபைல்களைப் படிக்கும். சாதா இன்டராக்டிவ் ஷெல்லா எழுந்தா பாஷ்ஆர்சியைப் படிக்கும். டீமக்ஸ் வழக்கமா லாகின் ஷெல்லைத் திறக்கும், ஸ்க்ரீன் சாதா ஷெல்லைத் திறக்கும். உங்க புரொஃபைல்ல இருந்து பாஷ்ஆர்சியைக் கூப்பிடலைன்னா, அண்ணாத்தே ஒட்டச் சொன்ன வரி ஸ்க்ரீன்ல வேலை செய்யும், டீமக்ஸ்ல செய்யாது. ரூட்டோட பாஷ்ஆர்சியோ வேற ஃபைல். உங்க வீட்டு ஃபைல்ல ஒட்டினது அங்க எப்படி வரும்?

அடுத்த கூத்து, ஷெல்ங்கிற வேரியபிளைப் பார்த்துட்டு "பாஷ்தானே ஓடுது"ன்னு சாதிக்கிறது. அது உங்க லாகின் ஷெல்லோட பேருங்க. இப்ப ஓடுறது எதுன்னு தெரியணும்னா எக்கோ $0 அடிங்க. உபுன்டு 2006-லயே, 6.10 பதிப்புல, எஸ்ஹெச்ங்கிற பேரை டேஷுக்குக் கொடுத்துடுச்சு. எஸ்ஹெச்னு அடிச்சு உள்ள போயிட்டு பாஷைத் தேடினா?

அறிகுறியே பாதி பதில் சொல்லிடும். ஃபைல் பேர் வருது, கிட் பிராஞ்ச் பேர் வரலையா? ஷெல் சரி, விதிகள்தான் லோட் ஆகலை. ஃபைல் பேரும் வராம வெறும் இடைவெளி விழுதா? அனேகமா நீங்க பாஷ்லயே இல்லை. அப்ப பாஷ்ஆர்சில நானூறு வரி ஒட்டினாலும் டேஷ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"சும்மா பாஷ்னு அடி" கட்சிக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தடவையும் ஒரு அடுக்கு ஏறுது. அப்புறம் எக்ஸிட் அடிச்சு எண்ணிக்கை தப்பி, ரூட்டை விட்டு வந்துட்டோம்னு நினைச்சுக்கிட்டு ரூட்லயே அடுத்த கமாண்டை அடிக்கிற ஆளுங்க உண்டு. அடிச்சே ஆகணும்னா முன்னாடி எக்ஸெக் சேர்த்து அடிங்க. அடுக்கு ஏறாம, இருக்கிற ஷெல்லோட இடத்துலயே புதுசு வந்து உட்காரும்.

"வேலை ஆகுதுல்ல, இதுக்கு எதுக்குப்பா ஆராய்ச்சி?"ன்னு கேட்பாங்க. டேப் சோம்பேறிங்களுக்கான வசதி இல்லைங்க. நீங்க அடிக்கிற பேர்ல ஒரு ஃபைல் நிஜமாவே இருக்குன்னு ஷெல் சொல்ற சாட்சி அது. அந்தச் சாட்சி இல்லாம, ரூட்டா உட்கார்ந்துக்கிட்டு, நீளமான பாதையைக் கையால அடிச்சு ஆர்எம் கொடுக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டு அரிவாள் வீசுற வேலை. டேப் திடீர்னு வாயை மூடிக்கிச்சுன்னா, நீங்க நினைக்கிற இடத்துல நீங்க இல்லைன்னு அது சொல்லுது. அதைக் கேட்காம நாலு வரி ஒட்டி வாயடைக்கிறதுக்கு, கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கலாம்.

டிஸ்கி: மாக்ல 2019-ல வந்த கேட்டலினா முதல், புது அக்கவுண்டுக்கு இசட்ஷெல்தான் டீஃபால்ட். அங்க ஃபைல் பேர் வேற, கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.