கடன் குடுத்தாச்சு, நிலம் எங்கே?

சுயஉதவி என்கிறார்கள். இதுநாள் வரை யாருடைய உதவியில் சேரி பிழைத்ததாம்? நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்து, தூற்றி ஊருக்கே சோறு போட்டவள் சொந்தக் காலில் நிற்க இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதற்கு ஒரு பயிற்சி முகாம், ஒரு பேனர், ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்.

தோழர்களே, நான் இதை வெளியே நின்றுகொண்டு எழுதவில்லை. இடஒதுக்கீட்டில் படித்து, இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த வங்கி எழுத்தர் நான். குழுக் கணக்குகளுக்குப் பாஸ்புக் போடுவதும் தவணை வரவு வைப்பதும் என் வேலை. குழுக்கள் வருகிற நாளில் கிளை முழுக்கப் பெண்கள்தான். ஊர்த்தெருக் குழு நாற்காலியில் உட்காரும். நாற்காலி காலியாகக் கிடந்தாலும் சேரிக் குழு தரையில் உட்காரும். அப்படி உட்காரச் சொல்லி எவனும் உத்தரவு போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. 12 முதல் 20 பேர், பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கிற கிராமத்தில் ஒரே தெருப் பெண்கள் என்றால் ஒரே சாதிப் பெண்கள் என்றுதான் அர்த்தம். சமத்துவத்துக்கான குழுவும் சாதி வரைபடத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அன்றைக்கு ஒரு சேரிக் குழு வந்தது. அதில் ஒரு அம்மா மாட்டுக்கடன் வாங்கியிருந்தார். ஒரு தவணை நின்றுபோயிருந்தது. அதைக் கட்டும் வரை குழுவின் சேமிப்பில் ஒரு பைசா எடுக்க விடக் கூடாது என்றார் மேலாளர். குழுவின் சேமிப்பை அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது, 10 லட்சம் வரை குழுக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை என் மேசை டிராயரிலேயே கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. "எல்லாருமாச் சேந்து அவங்கள கட்டச் சொல்லுங்க, அப்பறம்தான் பணம்" என்று சொன்னதும் இதே வாய்தான். என் கண்ணெதிரே அத்தனை பெண்களும் அந்த அம்மாவைப் பிய்த்து எடுத்தார்கள். "மாட்ட வித்தாவது கட்டு", "எம் பொண்ணுக்கு பீஸ் கட்டணும், ஒன்னால நான் நிக்கணுமா?" அவர் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாடு வாங்கனேன் தம்பி. புல்லுக்கு எங்க போவேன்? எனக்குன்னு ஒரு வரப்பு இருக்குதா? ஊர்க்காரன் கழனி வரப்புலதான் அறுக்கணும். அறுத்தா, அவன் கூப்புட்ட அன்னிக்குக் கூலி இல்லாம போயிக் களையெடுக்கணும். பால ஊத்தப் போனா நம்ம பாலுன்னு மூஞ்சி சுளிக்கிறான். இதுல நான் எங்கேந்து தவண கட்ட?"

மறுநாள் மகளின் கொலுசை அடகு வைத்துப் பணத்தோடு வந்தார். வசூல் நூற்றுக்கு நூறு என்று ரிப்போர்ட் போனது.

அந்த மாடு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பாருங்கள். கடன் வாங்குவதற்கு முன் கூலிக்குக் களையெடுத்தார். கடன் வாங்கிய பின் கூலி இல்லாமல் களையெடுக்கிறார். அவருடைய பாட்டி செய்த வெட்டி வேலையை அரசாங்கக் கடன் திரும்பக் கூட்டி வந்திருக்கிறது.

குழுவால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு நிதி உதவியோடு தொடங்கியது. 1992இல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தது. 1997இல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கைநாட்டு வைத்தவள் கையெழுத்துப் போட்டாள். வங்கி வாசலை மிதிக்காதவள் மேலாளர் எதிரில் நின்று கேள்வி கேட்டாள். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கந்துவட்டிக்காரன் வீட்டுக்கு ஓடாமல் உள்கடன் வாங்கினாள். இதெல்லாம் நம் பெண்கள் சம்பாதித்தது. எந்தத் தொண்டு நிறுவனமும் இதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் கடன் என்பது சொத்தாகிவிடுமா? கால் ஏக்கர் உள்ளவளுக்குக் கடன் கொடுத்தால் கிணறு வெட்டுவாள். காலடி மண்ணும் இல்லாதவளுக்குக் கொடுத்தால் பழைய கடனைத்தான் அடைப்பாள். பிணை இல்லாத கடன் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் ஏச்சும், தெருவில் போகிற மானமும்தான் அங்கே பிணை. வங்கி ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வசூலைச் சேரிப் பெண்களே ஒருத்தியை ஒருத்தி ஏசிச் செய்துகொடுக்கிறார்கள். சம்பளம் மிச்சம்.

இதே வங்கிகள் ஐந்து நிதியாண்டுகளில் 10 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2022 டிசம்பரில் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு என்பது வங்கிக்காரனான எனக்குத் தெரியும். அந்தப் பெருங்கடனாளியின் வீட்டு வாசலில் அவன் சொந்தக்காரர்களை வரிசையாக நிற்க வைத்து எவனாவது ஏச வைத்தானா? அதுதான் என் கேள்வி.

வங்கி கைவிட்ட இடத்தில் வாரத்தவணைக் கம்பெனி நுழைகிறது. ஆந்திராவில் வசூல் நெருக்கடி உயிர்களைக் குடித்த பிறகு 2010இல் அவசரச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கட்டாய வசூலுக்கு எதிரான சட்டம் வர 2025 ஆகிவிட்டது. இடைப்பட்ட 15 வருசம் யார் வீட்டுத் திண்ணையில் எவன் உட்கார்ந்திருந்தான் என்று நம் தெருக்களைக் கேளுங்கள்.

பையன்கள் கதையும் இதேதான். டிகிரி முடித்தவன் தாட்கோ கடனுக்கு மனுப் போடுகிறான். மானியம் தயார், வங்கிக் கடன்தான் வராது. "அடுத்த வாரம் வா" என்று செருப்புத் தேய நடக்க விடுவோம். கடன் வந்தாலும் என்ன தொழில் செய்வான்? ஊருக்கு நடுவில் டீக்கடை போட்டால் ஊர் வந்து குடிக்குமா? கடைசியில் ஒரு ஆட்டோ வாங்கி, தவணைக்காக ராத்திரி பகலாய் ஓட்டுகிறான். கடன் கொடுக்கிற எவனும் சந்தைக்குள் உட்கார்ந்திருக்கிற சாதியைப் பற்றிப் பேசுவதில்லை.

நிலமில்லை என்று கையை விரிக்காதீர்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் நம் பாட்டன் பாட்டிகள் பெயருக்கு எழுதப்பட்டது. பத்து வருசம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அது இன்றைக்கு யார் யார் கையில் இருக்கிறது? மீட்கக் கிளம்பிய காரணை மக்களின் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நிலம் கேட்டவனுக்குத் தோட்டா, கேட்காதவளுக்குக் கடன்.

2023இல் நிலமற்ற தலித், பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க நன்னிலம் திட்டம் வந்தது. நல்ல பெயர். ஆளுக்கு 5 லட்சம் வரை மானியம், அந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு 10 கோடி. வகுத்துப் பாருங்கள், 200 பெண்கள். நம்மிடமிருந்து போன நிலத்தை நாமே பாதி விலைக்கு வாங்க வேண்டும், அதுவும் 200 பேர்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் கேட்டது வேறு. நிலம் அரசுடைமை. அதைச் சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குக் கொடுத்துக் கூட்டுப்பண்ணையாகப் பயிர் செய்ய விட வேண்டும். தண்ணீர், உழவு மாடு, விதை, உரம் எல்லாம் அரசு தர வேண்டும். அதுவும் குழுதான், காலடியில் மண் உள்ள குழு. தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் தலித் பெண்களின் சங்கங்கள் கூட்டாக நிலம் குத்தகைக்கு எடுத்துச் சிறுதானியம் விளைவித்தன, சொந்தத் தானியக் கிடங்கு வைத்தன. நடக்காத காரியமில்லை.

ஆகவே குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. குழுவின் நோட்டில் முதல் பக்கத்தை மாற்றுவோம். சேமிப்பு எவ்வளவு, தவணை எவ்வளவு என்று எழுதுவதற்கு முன்னால் நம் ஊரில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், எந்தச் சர்வே எண், யார் அனுபவிக்கிறான் என்று எழுதுவோம். மேய்ச்சல் புறம்போக்கு எங்கே போச்சு என்று எழுதுவோம். கிராம சபையில் அந்தப் பக்கத்தைப் படிப்போம். படிக்கத் தெரிந்த பையன்களுக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை.

வங்கியில் இருக்கிற நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டிராயரிலும் அந்தச் சுற்றறிக்கை கிடக்கிறது. நான் அதைத் தமிழில் எழுதி, நகலெடுத்து, என் கிளைக்கு வருகிற குழுக்களின் ஊக்குநர்கள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மேலாளர் முறைக்கிறார், முறைக்கட்டும். கொலுசு போன பிறகு வந்த புத்திதான் இது, பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு வரப்பு கிடைக்கிற வரைக்கும் நம் கணக்கு நேராகாது.