ஒவ்வொரு டெஸ்ட்டும் பூஜ்யத்தில் தொடங்கட்டும்!

கொல்லிமலையில் செம்மேடு எங்கள் ஊர். மிளகு விற்கும்போது அப்பாவுக்கு உதவட்டுமே என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறிய கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மூட்டைகளின் எடையை டைப் செய்தால், சாக்குக்கு ஒரு கிலோ வீதம் கழித்து மொத்தம் காட்டும். புரோகிராமின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட்களும் எழுதினேன். எல்லாம் பாஸ்!

முதல் விற்பனையிலேயே நான்கு மூட்டைக்கு நான்கு கிலோ அதிகம் காட்டியது. வியாபாரி எடையைக் குறைத்துவிட்டார் என்று நினைத்து அப்பா அவரிடம் சத்தம் போட்டுவிட்டார். தவறு என்னுடையது. புரோகிராம் சாக்கு எடையைக் கழிக்கவே இல்லை.

டெஸ்ட்கள் இதை ஏன் பிடிக்கவில்லை? எல்லா டெஸ்ட்களுக்கும் பொதுவான கணக்கை 'பிஃபோர்ஆல்' பகுதியில் ஒரே ஒருமுறை உருவாக்கியிருந்தேன். முதல் டெஸ்ட், அதில் சாக்கு எடையை ஒரு கிலோ என்று செட் செய்தது. இரண்டாவது டெஸ்ட் அந்த மிச்சத்தை வைத்து பாஸ் ஆகிவிட்டது. அதை மட்டும் தனியாக இயக்கினால் ஃபெயில்! புதிய கணக்கில் சாக்கு எடை பூஜ்யமாகவே இருந்தது.

முந்தைய மூட்டையை இறக்கி, தராசு பூஜ்யத்துக்கு வந்த பிறகுதானே அடுத்த மூட்டையை ஏற்றுகிறோம்? டெஸ்ட்டுக்கும் அதே விதிதான். டெஸ்ட்டில் மாறக்கூடிய பட்டியல், கணக்கு போன்றவற்றை 'பிஃபோர்ஈச்' பகுதியில் புதிதாக உருவாக்குங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்பு அது ஒருமுறை இயங்கும்.

"நேரம் வீணாகுமே" என்பார்கள் சில நண்பர்கள். சிறிய கணக்கை உருவாக்க ஒரு மில்லி செகண்ட் கூட ஆகாது. டேட்டாபேஸ் இணைப்பு போல நேரம் பிடிக்கும் வேலைகளுக்கு மட்டும் பிஃபோர்ஆல் போதும். (மோக்காவிலும் நோடிலும் இதன் பெயர் வெறும் 'பிஃபோர்'.)

ஜாஸ்மின் 2018-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து டெஸ்ட்களைத் தானாகவே வரிசை மாற்றி இயக்குகிறது. இப்படி ஒளிந்திருக்கும் தவறுகள் வெளியே வரட்டும் என்பதே நோக்கம். பழகிப் பார்க்க விரும்புபவர்கள் நோட் 20 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை இன்ஸ்டால் செய்தால் போதும். டெஸ்ட் வசதி அதிலேயே இருக்கிறது.

வியாபாரியிடம் நானே போய் வருத்தம் தெரிவித்தேன். உங்கள் டெஸ்ட்களில் ஒன்றை இன்றே தனியாக இயக்கிப் பாருங்கள். அப்போதும் பாஸ் ஆனால்தான் அதை நம்பலாம்.