ஐம்பது போதுமா?

நமது விடுதிக்கு இவ்வாண்டு வந்த தம்பி ஒருவர் விலங்கியல் பட்ட வகுப்பில் பயில்கிறார். பயில்கிறார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். அவருடைய செய்முறைக் குறிப்பேடு வெறுமையாகக் கிடக்கிறது. மேசை நிறைய நீட் தேர்வின் வினாத் தொகுப்புகள். “வகுப்புப் பாடம் என்ன ஆயிற்று, தம்பி?” என்றேன். “மே மாதம் வரை பொறுங்கள், அண்ணா” என்றார். பன்னிரண்டாம் வகுப்பையும் இப்படித்தான், ஆய்வுக்கூடத்தை எட்டிப் பாராமலே, கழித்தாராம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி அவ்வாறு இருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 50 விழுக்காடு பெற வேண்டும் என்பது முன்பு விதியாக இருந்தது. பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர்க்கு அது 40 ஆக இருந்தது. ஆங்கிலத்தில் தேறினால் போதும். அந்த வாசற்படியைத் தாண்டிவிட்டால், 51 வாங்கியவரும் 99 வாங்கியவரும் ஒன்றே! 2025-இல் இடத்தை முடிவு செய்தவை 180 வினாக்கள், மூன்று மணி நேரம். இரண்டாண்டுப் பள்ளிப் படிப்புக்கு அந்தத் தரவரிசையில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. பிறகு பள்ளி எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் வியப்பென்ன? 75 விழுக்காடு வருகை வேண்டும் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளியில் பெயரும் பயிற்சி நிலையத்தில் ஆளுமாகப் பலர் படிக்கத்தான் செய்கிறார்கள்.

‘தகுதி’ என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. 2025-இல் பொதுப்பிரிவினர்க்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. நாடு முழுவதும் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தகுதி பெற்றனர். ஆனால் பொதுப்பிரிவில் அரசுக் கல்லூரி இடத்துக்கு அதன் மும்மடங்கும் போதாது. 144 வாங்கியவருக்கும் கை நிறையப் பணமிருந்தால் தனியார் கல்லூரியின் கதவு திறக்கக்கூடும். பணமில்லாதவர் 400 வாங்கியும் வெளியே நிற்பார். நம் தம்பி தகுதி பெற்றார் என்றதும் ஊரில் தந்தையார் தெருவுக்கெல்லாம் இனிப்பு வழங்கினாராம். கலந்தாய்வு முடிந்தபின் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பழைய முறை பழுதற்றது என்று நான் வாதிட வரவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை மாநில இடங்களுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் உருப்போட வைத்த பள்ளிகளை நாம் அறிவோம். நம்மில் சிலர் அங்கிருந்து வந்தவர்களே! எனினும் பயிற்சி நிலையத்தின் வாசலை மிதிக்காத சிற்றூர்ப் பிள்ளை, பள்ளிப் பாடத்தை மட்டும் படித்து மருத்துவராக அன்று வழி இருந்தது.

ஆகவே தரவரிசையில் பள்ளி மதிப்பெண்ணுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது என் கருத்து. வாரியத்துக்கு வாரியம் மதிப்பெண் வேறுபடுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு 40 விழுக்காடு பங்கு தந்தார்கள். தத்தம் வாரியத்தில் மாணவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதைக் கொண்டு வேறுபாட்டைச் சமன் செய்தார்கள். 2017-இல் அதைக் கைவிட்டார்கள். பொறியியலுக்கு நான்காண்டு செய்து பார்த்ததை, குறை நீக்கி மருத்துவத்துக்குக் கொண்டுவரத் தடை என்ன?

விதி மாறும்வரை நம் தம்பி என்ன செய்வார்? நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-இல் நீங்கியது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. இது நன்மையே. ஆனால் ‘அடுத்த மே’ என்பதற்கு முடிவே இல்லாமலும் போகலாம். அதற்குள் கையிலிருக்கும் பட்டமும் நழுவிவிடக் கூடாது. வரும் சனிக்கிழமை மாலை, முதுகலை விலங்கியல் மாணவர் இருவர் அந்த வெற்றுக் குறிப்பேட்டுடன் அவரோடு உட்கார இசைந்திருக்கிறார்கள். விடுதியில் அவரைப் போல் இன்னும் சிலர் உண்டு. கூச்சப்படாமல் வரலாம்.