வெறுங்கையோடு அனுப்பலாமா?

இந்தியாவில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, ஓராண்டாவது தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகவும் தரவேண்டும். நல்லதுதான். ஆனால் அதே சட்டம் வீட்டு வேலையையும், அறப்பணி அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களையும் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. அங்கெல்லாம் வேலை கொடுப்பவர்கள் யார்? நம்மில் பலரும்தான்.

ஆறாண்டு உழைத்த அடிமையை விடுவிக்கும்போதுகூட, ஆட்டுமந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் திராட்சை ஆலையிலிருந்தும் தாராளமாகக் கொடுத்தனுப்பச் சொல்கிறது இணைச்சட்ட நூலின் 15ஆம் அதிகாரம். நாமோ, பத்தாண்டு நமக்குச் சமைத்துப்போட்ட அக்காவிடம், பிள்ளைகள் வெளிநாடு போனதும், “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்கிறோம். கையில் ஒரு சேலை. ஆலைத் தொழிலாளிக்குரிய கணக்குப்படி பார்த்தால் அவருக்குச் சேரவேண்டியது 150 நாள் சம்பளம்.